முதல் பிரஷ்ஷா? 400 ரூபாய்க்குள் முடியுங்கள்

(பாளையங்கோட்டையில் 38 ஆண்டுகள் சலூன் நடத்தி, இப்போது சென்னையில் மகன் வீட்டில் இருக்கும் எங்கள் சவரக் கலைஞர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: வயது 24. டப்பாவில் வரும் ஃபோமை விட்டுவிட்டு பிரஷ், சோப்பு, பழைய மாதிரி ரேசர் என்று மாற ஆசை. பிரஷ் வாங்கப் போனால் 150 ரூபாயிலும் இருக்கிறது, 15,000 ரூபாயிலும் இருக்கிறது. பேட்ஜர், போர், சிந்தெடிக் என்று தலை சுற்றுகிறது. எதை வாங்குவது ஐயா? – விருதுநகர் வாசகர்

பதில்: சிந்தெடிக், அதாவது செயற்கை இழை பிரஷ் வாங்குங்கள் தம்பி. 300, 400 ரூபாய்க்கு மேல் போகவே வேண்டாம். தொழில் செய்த காலம் முழுக்கப் பன்றிமுடி பிரஷ்ஷில் நுரை போட்ட ஆள்தான் இதைச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருக்கும் 'போர்' என்பது பன்றி. எங்கள் பக்கம் போர் என்றால் தோட்டத்தில் தண்ணீருக்குப் போடுவதுதான், அதனால் முதலில் எனக்கே குழம்பியது. பன்றிமுடி விறைப்பாக இருக்கும், தண்ணீரை உறிஞ்சும். வெதுவெதுப்பான தண்ணீரில் நாலைந்து நிமிடம் ஊறினால்தான் வேலைக்கு ஆகும். புதிதில் தேங்காய் நாரால் கன்னத்தைத் தேய்ப்பது போலிருக்கும், ஒரு மாதிரி வாடையும் வரும். போகப்போக ஒவ்வொரு முடியின் நுனியும் இரண்டாக மூன்றாகப் பிளந்து மெத்தென்று ஆகிவிடும். அதற்குப் பிறகு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் சலூனில் ஒரு நாளைக்குப் பதினைந்து முகம் பார்க்கிற பிரஷ் ஒரே வாரத்தில் பழகும். வாரம் மூன்று தடவை, ஒரே ஒரு முகம் என்றால் அது பழகுவதற்குள் நீங்கள் ஃபோம் டப்பாவுக்கே திரும்பிவிடுவீர்கள்.

பேட்ஜர் என்பது வளை தோண்டி வாழும் பிராணி. அதன் முடி பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. தண்ணீரை நன்றாகப் பிடித்துவைக்கும், முகத்துக்கு இதமாக இருக்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். பியூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்று தரம் பிரிப்பார்கள். பியூர் என்று போட்டிருப்பதைப் பார்த்து உசத்தி என்று ஏமாந்துவிடாதீர்கள், வரிசையில் கடைசி அதுதான். எல்லாரும் ஒத்துக்கொண்ட அளவுகோலும் கிடையாது. ஒருவருடைய 'பெஸ்ட்' இன்னொருவர் பெட்டியில் 'சூப்பர்' ஆகிவிடும். கையில் பழக்கம் இல்லாதவர் அழுத்திச் சுழற்றுவார், நடுவில் உள்ள முடிகள் அடியிலேயே முறியும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியதை முதல் மாதமே வழுக்கையாக்குவதா?

சிந்தெடிக்கை நானும் ரொம்ப நாள் மதிக்கவில்லை. அந்தக் கால நைலான், பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷுக்குத் தம்பி மாதிரி இருக்கும். இப்போது வருகிற இழைகளின் நுனியை மெல்லியதாகச் சீவிவிடுகிறார்கள். போன வருடம் மகன் ஒன்று வாங்கித் தந்தான், முதல் நாளே முகத்தில் பூனை வால் பட்டது போலிருந்தது. ஊறவைக்க வேண்டாம், நனைத்து இரண்டு உதறு உதறினால் போதும். இழை தண்ணீரைக் குடிக்காது என்பதால் சீக்கிரம் காயும்.

அப்புறம் அளவு. முடிக்கட்டு பிடியில் இறங்குகிற இடத்தில் 22 முதல் 24 மில்லிமீட்டர் இருக்கட்டும், ஏறக்குறைய ஐந்து ரூபாய் நாணயத்தின் அகலம். 28 எல்லாம் சோப்பைத் தின்னும், நுரை மூக்குக்குள் போகும். கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்க முடிந்தால் புறங்கையில் வைத்து அழுத்துங்கள். விரிந்துவிட்டு உடனே நிமிர வேண்டும். படுத்தே கிடந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். முடியை லேசாக இழுத்தும் பாருங்கள். புதுப் பிரஷ்ஷில் ஒன்றிரண்டு கழன்று வருவது சகஜம், கொத்தாக வந்தால் பசை சரியில்லை.

கேள்வி: நல்ல பிரஷ், நல்ல சோப்பு. ஆனாலும் நுரை முகத்தில் நிற்காமல் தயிர் திரிந்தது போல ஆகிறது. பிரஷ்ஷை மாற்ற வேண்டுமா? – தாம்பரம் வாசகர்

பதில்: பிரஷ்ஷைத் திட்டாதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். நானும் சென்னைக்கு வந்த புதிதில் முழித்தவன்தான். தாமிரபரணித் தண்ணீரில் தொட்டாலே பொங்குகிற அதே சோப்பு, இங்கே மகன் வீட்டு போர் தண்ணீரில் சாம்பல் மாதிரி திப்பிதிப்பியாக நின்றது. முப்பத்தெட்டு வருடம் நுரை போட்டவனுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள். மருமகள் எட்டிப்பார்த்து, "மாமா, ஃபோம் வாங்கிட்டு வரவா?" என்று கேட்டாள்.

உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கசடாகிவிடும், நுரைக்கு மிச்சம் இருக்காது. குடிக்கிற கேன் தண்ணீரில் அரை டம்ளர் எடுத்து, பிரஷ்ஷை நனைக்கவும் நுரை போடவும் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். முகம் கழுவ எந்தத் தண்ணீரானாலும் சரி. பிரஷ்ஷை சோப்பின் மேல் அரை நிமிடம் சுழற்றுங்கள். அப்புறம் கன்னத்தில், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே வட்டமாகப் போடுங்கள், முடி எழுந்து நிற்கும். கடைசியில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல மேலும் கீழுமாக நாலு இழுப்பு. நுரை பளபளவென்று தயிராடை போல இருந்தால் கத்தி வைக்கலாம். குமிழி குமிழியாக இருந்தால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் சோப்பைத் தொடுங்கள்.

கேள்வி: என் தாத்தா பர்மாவிலிருந்து கொண்டுவந்த பிரஷ் பெட்டியில் இருக்கிறது. எலும்புப் பிடி, முடி கெட்டியாகவே இருக்கிறது. கழுவிவிட்டுப் பயன்படுத்தலாமா? – காரைக்குடி வாசகர்

பதில்: வேண்டாம். ஷோகேஸில் வையுங்கள். பயமுறுத்தவில்லை, ஆனால் ஒரு பழைய கதை இருக்கிறது.

முதல் உலகப் போரில் விஷவாயு வந்தபோது முகமூடி காற்றுப் புகாமல் படிய வேண்டும் என்று வீரர்கள் முகம் மழித்தே ஆகவேண்டியிருந்தது. ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த பேட்ஜர் முடிக்குத் தட்டுப்பாடு. குதிரைமுடியை பேட்ஜர் போலத் தோன்றும்படி செய்து பிரஷ் கட்டினார்கள். அந்த முடி சரியாகச் சுத்தம் செய்யப்படவில்லை. நம்மூரில் மாட்டுக்கு வருகிற அடைப்பான் என்கிறோமே, அந்த ஆந்த்ராக்ஸ் கிருமி அதில் இருந்தது. சவரக் காயம் வழியாக அமெரிக்க, பிரிட்டிஷ் வீரர்களும் பொதுமக்களுமாக 200 பேருக்கு மேல் நோய் கண்டது. அப்படிக் கிருமியோடு வந்த பிரஷ்களில் ஜப்பான் பிரஷ்களும் இருந்ததால், 1920-இல் அங்கிருந்து ஷேவிங் பிரஷ் இறக்குமதியையே பிரிட்டன் தடை செய்தது.

உங்கள் தாத்தாவின் பிரஷ்ஷில் அப்படி எதுவும் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் அந்தக் கிருமியின் வித்து பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கக்கூடியது, சும்மா வெந்நீரில் அலசினால் போய்விடாது. தவிர, அவ்வளவு பழைய முடி முகத்தில் பட்டதும் நொறுங்கும். ஆசையாக இருந்தால், அந்தப் பிடியில் புது சிந்தெடிக் கட்டு வைத்து ஒட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் பன்றிமுடியைத் தொடுவதில்லை. பிரஷ்ஷில் எதுவும் எழுதவில்லை என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? – மேலப்பாளையம் வாசகர்

பதில்: ஒரே ஒரு முடியைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டுங்கள் பாய். மயிர் பொசுங்குகிற நாற்றம் வந்து, விரலில் நசுக்கினால் பொடியானால் அது ஏதோ ஒரு பிராணியின் முடி. உருகிச் சின்ன மணியாகத் திரண்டால் சிந்தெடிக். எந்தப் பிராணி என்று இந்தச் சோதனை சொல்லாது. உருகுகிறதை வாங்கினால் உங்களுக்குக் கவலையில்லை. யாராவது கீரிமுடி என்று பெருமையாக நீட்டினால் வாங்காதீர்கள், வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.

கேள்வி: பிரஷ்ஷைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுச் சுத்தம் செய்யலாமா? – சேலம் வாசகர்

பதில்: கூடாது. கடை திறந்த முதல் வருடம் பக்கத்து டீக்கடையில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வாங்கி, பிரஷ்ஷைப் பிடிவரை முக்கி வைத்தேன். பசை இளகியது தெரியாமல் ஒரு அண்ணாச்சிக்கு நுரை போட ஆரம்பித்தேன். கண்ணாடியில் பார்த்தால் முடிக்கட்டு அவர் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, என் கையில் வெறும் மரப்பிடி. அண்ணாச்சி கண்ணை மூடியிருந்தார், அதுவரை பிழைத்தேன்.

கை பொறுக்கிற சூடு போதும். சோப்பு போக அலசி, உதறி, துண்டில் நாலு தேய்ப்பு, அப்புறம் காற்று வருகிற ஜன்னல் ஓரம். நிற்க வைத்தாலும் சரி, தொங்கவிட்டாலும் சரி. ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடாதீர்கள், பூசணம் பிடிக்கும். அடியில் வெள்ளையாகக் கசடு கட்டினால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். சேலத்தில் உங்கள் வீட்டில் போர் தண்ணீர் என்றால் மாதம் ஒரு தடவை, இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை.