டிஸ்க் கேஷும் கம்பைலர் மீதான சந்தேகமும்

கேள்வி: பொழுதுபோக்காக 64 பிட் இயங்குதளம் ஒன்றை எழுதி வருகிறேன். டிஸ்க் கேஷ் (படித்த பிளாக்குகளை நினைவகத்தில் வைத்துக்கொள்வது) சேர்த்தும் கோப்பு படிக்கும் வேகம் கூடவில்லை. ஜிசிசி கம்பைலரில் ஓ0 (மேம்படுத்தல் இல்லாத நிலை) வைத்தால் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, நன்றாக ஓடுகிறது. ஓ2 (வேகத்துக்காகக் குறியீட்டை மேம்படுத்தும் நிலை) வைத்தால் சில நிமிடங்களில், ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழுகிறது. கம்பைலர் பிழையா?

பதில்: கோப்பை முதல்முறை படிக்கும்போது அதன் பிளாக் எதுவும் கேஷில் இருக்காது. அப்போது நேரத்தைத் தின்பது டிஸ்குக்குப் போகும் கட்டளைகளின் எண்ணிக்கை. 512 பைட் செக்டார்களாக ஒவ்வொன்றாகக் கேட்டால் 1 எம்பி கோப்புக்கு 2,048 கட்டளைகள்; 64 கேபி துண்டுகளாக முன்கூட்டியே வாசித்தால் 16. கோப்பு தொடர்ச்சியாகப் படிக்கப்படும்போது மட்டும் இப்படிச் செய்யுங்கள். இல்லையேல் வேண்டாத பிளாக்குகள் கேஷை அடைத்துக்கொள்ளும். இரண்டாம் முறையும் மெதுவாக இருந்தால், பிளாக்கை லிங்க்டு லிஸ்டில் வரிசையாகத் தேடுகிறீர்களா என்று பாருங்கள். பிளாக் எண்ணை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கும் ஹேஷ் டேபிளுக்கு மாறுங்கள். க்யூஎமு என்ற மெய்நிகர் கணினியில் அளப்பதானால் டிரைவின் கேஷ் அமைப்பை 'நன்' (none) என்று வையுங்கள். இல்லாவிட்டால் வெளி இயங்குதளத்தின் கேஷையும் சேர்த்தே அளப்பீர்கள்.

கம்பைலரைச் சந்தேகிப்பதைக் கடைசிக்கு வையுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு முதலில் பார்க்க வேண்டியது எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர்கள், அதாவது பிராசஸருக்குள் பல மதிப்புகளை ஒன்றாக வைத்துக்கொள்ளும் அகலமான இடங்கள். ஓ2-வில் ஜிசிசி ஸ்ட்ரக்டை நகலெடுக்கக்கூட அவற்றை எடுத்துக்கொள்ளும்; 12ஆம் பதிப்பிலிருந்து லூப்களையும் வெக்டராக (பல மதிப்புகளை ஒரே கட்டளையில் கையாளும்படி) மாற்றுகிறது. உங்கள் இன்டரப்ட் ஹேண்ட்லர் (வன்பொருள் குறுக்கிடும்போது ஓடும் குறியீடு) பொது ரெஜிஸ்டர்களை மட்டும் சேமித்துவிட்டு எக்ஸ்எம்எம்மைத் தொட்டால், பாதியில் நின்ற குறியீட்டின் மதிப்புகள் சத்தமில்லாமல் அழியும். இன்டரப்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாததால்தான் விழும் இடமும் மாறுகிறது. கெர்னல் முழுவதையும், பொது ரெஜிஸ்டர்களை மட்டுமே பயன்படுத்தச் சொல்லும் 'எம்ஜெனரல்-ரெக்ஸ்-ஒன்லி' ஆப்ஷனுடன் கம்பைல் செய்யுங்கள். 'எம்நோ-ரெட்-ஸோன்' ஆப்ஷனும் கட்டாயம். அது இல்லாவிட்டால் ஸ்டாக் பாயின்டருக்குக் கீழே ஃபங்ஷன்கள் பயன்படுத்தக்கூடிய 128 பைட்டை இன்டரப்ட் அழிக்கும். ஆனால் அந்தக் கோளாறு ஓ0-விலும் தலைகாட்டும், ஆகவே உங்கள் விஷயத்தில் அது இரண்டாம் சந்தேகம்தான்.

அதன்பிறகும் விழுந்தால், ஹேண்ட்லர் மாற்றும் மாறிகளுக்கு வாலட்டைல் (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படி என்னும் குறிப்பு) இருக்கிறதா, இன்லைன் அசெம்பிளியில் மெமரி கிளாபர் (நினைவகம் மாறலாம் என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பு) விடுபட்டதா என்று பாருங்கள். நீங்களே எழுதிய மெம்செட்டின் (நினைவகத்தை ஒரே மதிப்பால் நிரப்பும் ஃபங்ஷன்) லூப்பை ஜிசிசி மெம்செட் அழைப்பாகவே மாற்றி, அது தன்னைத்தானே அழைத்து ஸ்டாக்கைத் தீர்ப்பதும் நடக்கும்.

எதுவும் சிக்காவிட்டால் கோப்புகளில் பாதியை ஓ0-விலும் பாதியை ஓ2-விலும் கம்பைல் செய்து லிங்க் செய்யுங்கள். கோளாறு எந்தப் பாதியில் என்று பார்த்து, அதை மீண்டும் பாதியாக்குங்கள். 64 கோப்புகள் இருந்தாலும் 6 சுற்றில் ஒன்றுக்கு வந்துவிடலாம். பிறகு அந்தக் கோப்பின் ஃபங்ஷன்களைப் பிரித்து இதையே செய்யுங்கள். கடைசியில் நிற்கும் ஃபங்ஷனை, கம்பைல் ஆனதை அசெம்பிளியாகக் காட்டும் ஆப்ஜ்டம்ப்பில் வரி வரியாகப் படியுங்கள். வேறு பதிப்பில் கோளாறு மறைந்தது என்பதால் மட்டும் கம்பைலர் குற்றவாளி ஆகாது. சி விதிகளை மீறாத குறியீட்டுக்குத் தவறான கட்டளை உருவாகியிருப்பதை அசெம்பிளியில் காட்ட முடிந்தால் மட்டுமே, ப்ரீபிராசஸ் செய்த (ஹெடர்களும் மேக்ரோக்களும் விரிந்த) கோப்பைச் சில வரிகளாகச் சுருக்கி, பதிப்பு எண்ணும் ஆப்ஷன்களும் சேர்த்துப் புகார் அனுப்புங்கள்.