பழைய பேரேட்டில் ரூ. 3-13-9 என்று இருப்பதை எப்படிக் கூட்டுவது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீட்டுப் பெட்டகங்களில் கிடைக்கும் 1957க்கு முந்தைய பேரேடுகளில் இந்த எழுத்துமுறை சகஜம். ரூபாய்-அணா-பைசா. அந்தப் பைசா இன்றைய பைசா அல்ல. 12 சேர்ந்தால் ஒரு அணா, 16 அணா ஒரு ரூபாய். ஆக, ஒரே வரியில் மூன்று அடிமானம்: 12, 16, ரூபாய்க்கு மட்டும் நமக்குப் பழகிய 10.

3-13-9 உடன் 2-7-8 கூட்டுங்கள். வலமிருந்து 9+8=17; 12 போக மீதி 5, கைவசம் 1. அணாவில் 13+7+1=21; 16 போக 5, கைவசம் 1. ரூபாய் 6. விடை 6-5-5. சந்தேகம் இருந்தால் ரூபாய்க்கு 192 வீதம் எல்லாவற்றையும் பைசாவாக்கிப் பாருங்கள்: 741+476=1217. சரியாக வரும்.

பலர் சறுக்குவது எக்செல்லில். 6-5-5ஐ 6.55 என்று ஏற்றிவிடுகிறார்கள். 5 அணா 5 பைசா என்பது 65 பைசா; அந்த 65ஐ 192ஆல் வகுத்து 6உடன் கூட்டினால்தான் சரி, கிட்டத்தட்ட 6.34.

இன்னும் பழைய ஏடென்றால் தமிழ் எண்கள் இருக்கும். ௩௱௨௰௫ என்பது 325. இதில் ௱ நூறு, ௰ பத்து. இவை இலக்கங்கள் அல்ல, முன்னால் உள்ளதைப் பெருக்குபவை. பூஜ்யம் கிடையாது, அதனால் 105 வெறும் ௱௫. பக்கத் தலைப்பில் தனியே நிற்கும் ‘உ’ பிள்ளையார் சுழி. அதை இரண்டு என்று கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்!