த்ரூ ப்ராப்பர் சேனல்

அன்புள்ள ஐயா,

நான் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். விஞ்ஞானி இல்லை. பில், லீவு, டெண்டர், விருந்தினர் விடுதி, இவைதான் என் உலகம். எங்கு திரும்பினாலும் செயற்கை நுண்ணறிவு என்கிறார்களே, அதன் பூர்வீகம் என்னவென்று தேடிப் படித்தேன். ஸ்டான்ஃபோர்டில் இருந்த பழைய ஆய்வகத்தைப் பற்றியும், அந்தக் காலத்திலேயே மின்னஞ்சலில் நிர்வாகம் நடந்ததைப் பற்றியும் படித்தபோது ஏமாற்றமாகிவிட்டது. கணினி வட்டில் இடமில்லை, தின்பண்ட இயந்திரத்தில் கடன், யார் இருக்கிறார்கள், யார் வரவில்லை... எங்கள் அலுவலகம் மாதிரியே இருக்கிறது. இவர்களா உலகத்தை மாற்றினார்கள்?

மூன்று கேள்விகள். மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர் ஒரு தமிழர் என்கிறார்களே, உண்மையா? மின்னஞ்சல் நிர்வாகத்தை எளிதாக்கியதா, சிக்கலாக்கியதா? எனக்குத் தினமும் நூற்றுக்கு மேல் மெயில் வருகிறது, பாதி எனக்குச் சம்பந்தமே இல்லாதவை. எப்படிச் சமாளிப்பது?

அன்புடன்,
ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

முதல் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லை. 1965இலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்டவர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் போட ஒரு கட்டளை இருந்தது. 1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு அனுப்பிக் காட்டினார். பெயருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே நாம் இன்றும் போடும் 'அட்' குறி அவர் தேர்ந்தெடுத்தது. நீங்கள் சொல்லும் தமிழ்ப் பையன் சிவா அய்யாதுரை 1978இல், நியூ ஜெர்சியில் பள்ளிப் பருவத்தில், ஒரு மருத்துவக் கல்லூரிக்காக நல்ல நிரல் ஒன்றை எழுதினார். 1982இல் அதற்குப் பதிப்புரிமையும் பதிவு செய்தார். அந்த வயதுக்கு அது பெரிய காரியம்தான். அதோடு விடுங்கள். பார்க்கிற பொருளையெல்லாம் கவிழ்த்துப் போட்டு அடியில் தமிழன் பெயர் இருக்கிறதா என்று தேடும் வியாதி நமக்கு என்றைக்குத் தீருமோ தெரியவில்லை. உறவு கொண்டாடியே ஆகவேண்டுமென்றால் ராஜ் ரெட்டி இருக்கிறார். ஆந்திராக்காரர், நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1966இல் நீங்கள் படித்து ஏமாந்த அதே ஸ்டான்ஃபோர்டில், அந்த ஆய்வகத்தின் தலைவர் ஜான் மெக்கார்த்தியிடம் முனைவர் பட்டம் வாங்கினார்.

சரி, அந்த ஏமாற்றத்துக்கு வருவோம். எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். நிர்வாகப் பிரிவில் இருந்துகொண்டு நிர்வாகத்தை இவ்வளவு கேவலமாக நினைக்க உங்களால் எப்படி முடிகிறது? அந்தக் கதையில் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் யார் என்று பார்த்தீர்களா? லெஸ் எர்னஸ்ட். கொஞ்ச காலமாக நான் அந்த மனிதரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் உங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

மெக்கார்த்தி மேதை. ஆனால் பணம், கட்டடம், ஆட்கள், இயந்திரம் என்று இழுத்துப்போட்டுச் செய்ய ஓர் ஆள் வேண்டுமே. அமெரிக்க வான்பாதுகாப்புக் கணினித் திட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, 1965இன் கடைசியில் எர்னஸ்ட் அங்கே வந்து சேர்ந்தார். பதவியின் பெயர் நிர்வாக அலுவலர். பல்கலைக்கழக வளாகத்திலிருந்து சில மைல் தள்ளி, குன்றுகளுக்கு நடுவே, ஒரு தொலைபேசி நிறுவனம் பாதி கட்டிவிட்டுப் போன அரைவட்டக் கட்டடத்தில் ஆய்வகம் இருந்தது. கட்டடத்தின் பெயர் டி.சி. பவர். மின்சார ஆராய்ச்சி நடந்த இடம் என்று நினைத்துவிடாதீர்கள், டொனால்ட் பவர் என்று ஒரு மனிதர். வழியில் 'ரோபோ வண்டி வரும், ஜாக்கிரதை' என்று போர்டு வைத்திருந்தார்கள். நிஜமாகவே ஒரு வண்டி தானாக ஓடப் பழகிக்கொண்டிருந்தது.

அங்கே எல்லாரும் ஒரே பெரிய கணினியில் வேலை செய்தார்கள். யார் இப்போது கணினியில் இருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு. அடித்தால் திரையில் பட்டியல் வரும். முழுப்பெயர் வராது, அடையாளக் குறிகள் மட்டும். மெக்கார்த்தி என்றால் ஜே.எம்.சி., கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் என்றால் டி.இ.கே. தனக்கு வேண்டிய ஆள் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள ஒவ்வொருவரும் திரையில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துத் தேடுவதை எர்னஸ்ட் கவனித்தார். 1970களின் தொடக்கத்தில் தானே உட்கார்ந்து ஒரு நிரல் எழுதினார். ஆளின் பெயரைக் கொடுத்தால் அவர் இருக்கிறாரா, எந்த டெர்மினலில், அதாவது கணினியோடு இணைத்த எந்த முனையில் இருக்கிறார், எவ்வளவு நேரமாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இல்லையென்றால் கடைசியாக எப்போது வந்தார், எல்லாம் வரும். அந்த விரலை நினைத்து அதற்கு 'ஃபிங்கர்' என்றே பெயர் வைத்தார். கொஞ்ச நாளில் அதைப் பயன்படுத்தியவர்களே வந்து கேட்டார்கள்: நாங்கள் இல்லாதபோது ஏன் இல்லை, எங்கே பிடிக்கலாம் என்று எழுதிவைக்க ஓர் இடம் கொடுங்கள். அதையும் சேர்த்தார். அதற்கு 'பிளான்' கோப்பு என்று பெயர். தேடுகிறவருக்கு அதில் எழுதியிருப்பது தெரியும். அதில் மனிதர்கள் வேடிக்கையும் எழுதினார்கள் என்பது தனிக்கதை.

இதை உங்கள் பயோமெட்ரிக் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் இயந்திரம் ஓர் ஊழியர் ஒன்பதே காலுக்கு வந்தாரா என்று மேலதிகாரிக்குக் கோள் சொல்கிறது. எர்னஸ்டின் நிரல் நண்பர் எங்கே என்று நண்பருக்குச் சொன்னது. அடுத்தவன் எப்போது வந்தான், எப்போது போனான் என்று ஊரே பார்க்க முடிந்ததில் எனக்கும் கொஞ்சம் உறுத்தல் உண்டு. ஆனாலும் அதில் இயக்குநரையும் தேடலாம், மாணவரையும் தேடலாம். உங்கள் இயந்திரத்தில் இயக்குநர் விரல் வைக்கிறாரா?

தின்பண்ட இயந்திரமும் அப்படித்தான். பிரான்சிங் போனி என்று ஒரு கதையில் வரும் சத்திரத்தின் பெயரை வைத்திருந்தார்கள். காசு போட்டும் வாங்கலாம், கடனிலும் வாங்கலாம். கடன் கணக்கைக் கணினி வைத்துக்கொள்ளும். கடனில் வாங்கினால் 'இரட்டிப்பா, இனாமா' என்று ஒரு கை சூதும் ஆடிப் பார்க்கலாம். ராத்திரி முழுக்க வேலை செய்கிறவர்கள் இருக்கிற இடம், பக்கத்தில் கடை கிடையாது. கேன்டீன் கமிட்டி அமைத்து, மூன்று கொட்டேஷன் வாங்கி, தணிக்கை ஆட்சேபணைக்குப் பதில் எழுதுவதற்குள் அந்தப் பையன்கள் பட்டினி கிடந்திருப்பார்கள். இது உங்களுக்கு அற்பமாகத் தெரிகிறதா?

உங்கள் இரண்டாவது கேள்வி இங்கேதான் வருகிறது. எளிதாக்கியதா, சிக்கலாக்கியதா என்று கேட்கிறீர்கள். யார் எழுதுகிறார்கள் என்று கேளுங்கள். இந்த ஆய்வகங்களுக்கெல்லாம் பணம் கொடுத்தது ஆர்பா, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பு. 1970களின் முதல் பாதியில் அதன் இயக்குநராக இருந்த ஸ்டீவ் லுகாசிக்குக்கு மெயில் பைத்தியம். போகிற இடமெல்லாம் கனத்த டெர்மினல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவார். அவரைப் பிடிக்க வேண்டுமா, மெயில் போடு என்று கீழே இருந்தவர்கள் சீக்கிரமே தெரிந்துகொண்டார்கள். அப்புறம் அவருக்கே மெயில் குவிந்துவிட்டது. எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே சுருளாக ஓடும். வேண்டியதை மட்டும் எடுத்துப் படிக்க வழியில்லை. கணினிப் பிரிவின் தலைவர் லாரி ராபர்ட்ஸிடம் புலம்பினார். ராபர்ட்ஸ் என்ன செய்தார்? கமிட்டி போடவில்லை. 1972இல் தானே உட்கார்ந்து, மெயில்களைப் பட்டியல் போட்டுக் காட்டி, வேண்டியதைத் திறந்து, வேண்டாததை அழிக்கும் நிரலை எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடம் ஆர்பாநெட் என்ற அவர்களுடைய கணினி வலையில் ஓடியதில் முக்கால்வாசி மெயில்தான் என்று கணக்கெடுத்துச் சொன்னார்கள்.

1978இல் லிக்லைடர், வெசா என்ற இரண்டு கணினி ஆராய்ச்சியாளர்கள் எழுதிய ஒரு கட்டுரையில் இதைப் பற்றி ஓர் இடம் வருகிறது. மெயிலில் சுருக்கமாக எழுதலாம், எழுத்துப்பிழையோடு எழுதலாம், வயதில் மூத்த, பதவியில் உயர்ந்த ஒருவருக்கே அப்படி எழுதலாம், அவ்வளவு பழக்கமில்லாதவருக்கும் எழுதலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை என்கிறார்கள். எனக்கு இதைப் படித்தபோது வயிற்றெரிச்சலாக இருந்தது.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் பதிவறைக் கூரை ஒழுகியது. தட்டச்சராக இருந்த ஓர் அம்மா, கண்காணிப்பாளரிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, அலுவலகத் தலைவருக்கே ஒரு தாளில் நாலு வரி எழுதி அனுப்பிவிட்டார். கூரை ஒழுகுகிறது, கோப்புகள் நனைகின்றன, உடனே ஆள் அனுப்பவும். அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு மெமோ வந்தது. த்ரூ ப்ராப்பர் சேனல் வராமல் நேரடியாக முறையிட்டதற்கு விளக்கம் கேட்டு. மெமோவில் கூரையைப் பற்றி ஒரு சொல் இல்லை. விளக்கம் எழுதி, அது மேலே போய், 'எச்சரித்து விடப்பட்டது' என்று திரும்பி வருவதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. கீழ்த்தட்டில் இருந்த கட்டுகளைப் பிரித்தால் தாள்கள் அப்பளம் மாதிரி உடைந்தன.

பிறகு அதே அலுவலகத்துக்கு மின்னஞ்சல் வந்தது. ஒரே ஒரு முகவரி, ஒரே ஒருவருக்குத்தான் கடவுச்சொல் தெரியும். அவர் காலையில் திறந்து எல்லாவற்றையும் அச்செடுப்பார். தபால் முத்திரை குத்துவார், பதிவேட்டில் எண் போடுவார், பிரிவுக்கு அனுப்புவார். எழுத்தர் குறிப்பு எழுதி மேலே வைப்பார். வரைவு பதில் திருத்தப்பட்டு, தட்டச்சாகி, கையெழுத்தாகி, ஸ்கேன் ஆகி, 'இணைப்பைக் காண்க' என்ற ஒரே வரியோடு திரும்பிப் போகும். மேலே ஏறி இறங்கும் அந்த ஒவ்வொரு படியும் எர்னஸ்டின் ஆய்வகத்தில் இல்லாத படி. அவர் கவனித்தார், அவரே எழுதினார், அடுத்தவர்கள் அவருக்கே நேராகப் பதில் எழுதினார்கள். உங்கள் இடத்தில் சிக்கலாக்கியது மெயில் இல்லை, ஆர். பழைய டவாலியையே மெயிலுக்கும் மாட்டிவிட்டிருக்கிறீர்கள்.

அங்கே தேனும் பாலும் ஓடியது என்று சொல்லவில்லை. வியட்நாம் போர்க்காலத்தில் பாதுகாப்புத் துறைப் பணத்தில் நடந்த இடம் அது. கணினியில் கணக்கு வைத்திருந்த சிறு கூட்டத்துக்குள்தான் அந்தச் சமத்துவம். குப்பை மெயிலும் அங்கேதான் பிறந்தது. 1978 மே மாதம் டிஇசி என்ற கணினிக் கம்பெனியின் விற்பனைக்காரர் ஒருவர் தங்கள் புதிய கணினியைப் பார்க்க வாருங்கள் என்று நெட்வொர்க்கில் இருந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே அழைப்பை அனுப்பினார். முகவரிப் பெட்டியில் இடம் போதாமல் மீதி முகவரிகள் கடிதத்துக்குள் வழிந்து நின்றன. பாதுகாப்புத் துறையிலிருந்து கண்டனம் வந்தது. ஆக, சம்பந்தமில்லாத மெயிலைப் பற்றிய உங்கள் புலம்பலுக்கு நல்ல வம்சாவளி இருக்கிறது.

எப்படிச் சமாளிப்பது என்றால், டொனால்ட் க்னூத் ஒரு வழி கண்டார். அந்த ஆய்வகத்தின் கணினியில்தான் டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலை உருவாக்கினார். 1975 வாக்கிலிருந்து மெயில் பார்த்தவர், பதினைந்து வருடம் ஓர் ஆயுளுக்குப் போதும் என்று 1990 ஜனவரி 1 முதல் முகவரியையே விட்டுவிட்டார். அதன்பிறகு வந்ததை அவருடைய செயலர் அச்செடுத்து வைப்பார், அவர் தோன்றும்போது மொத்தமாகப் பார்ப்பார். நீங்கள் க்னூத் இல்லை. இந்தக் கதையில் நீங்கள் அந்தச் செயலர். எனவே இது உங்களுக்கு உதவாது.

உங்களால் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது. உங்கள் நிறுவனத்தில் ஆராய்ச்சி மாணவர்கள் எதைத் தேடி அலைகிறார்கள் என்று நாளைக்குக் கொஞ்சம் எழுந்து நடந்து பாருங்கள். விடுதியில் அறை காலியா, கருவி யாரிடம் இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறவர் ஊரில் இருக்கிறாரா, ஏதோ ஒன்று இருக்கும். அதைச் சரிசெய்ய என்ன வேண்டுமோ அதை உங்கள் இயக்குநருக்கு மூன்று வரியில், 'மேலான கவனத்திற்கு' எல்லாம் இல்லாமல், நேரடியாக எழுதுங்கள். மெமோ வந்தால் எனக்கு அனுப்புங்கள், விளக்கத்தை நான் எழுதித் தருகிறேன். அந்தக் கலையில் எனக்கு அனுபவம் உண்டு.

கடைசியாக ஒன்று. உங்கள் மெயிலின் பிரதியை உங்கள் கண்காணிப்பாளருக்கும் போட்டிருக்கிறீர்கள். எனக்குக் கடிதம் எழுத அவர் எதற்கு? அடுத்த தடவை அவரை விட்டுவிடுங்கள்.