தனாக்கா கட்டைக்கு லைக் வருகிறது, ஆர்டர் வரவில்லை

தனாக்கா என்பது மியான்மரில் அரைத்து முகத்தில் பூசும் மரக்கட்டை. கட்டையைத் தனியாக விற்காதீர்கள், அரைக்கும் கல்லையும் சேர்த்து ஒரே செட்டாகப் போடுங்கள். யாங்கோனிலிருந்து சென்னைக்கு விற்கப் பார்க்கிறீர்கள், படத்துக்கு லைக் குவிந்தும் யாரும் வாங்கவில்லை என்றால், வாங்கி என்ன செய்வதென்று அங்கே தெரியாததுதான் பெரும்பாலும் காரணம். கல்லில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பட்டையைத் தேய்த்து, வெளிர்மஞ்சள் விழுது வந்ததும் கன்னத்தில் தடவுவது வரை வீடியோ எடுத்துப் போடுங்கள். கல் சின்னதாக இருக்கட்டும், கூரியர் செலவே லாபத்தைத் தின்றுவிடும்.

சரக்கு எடுக்கும் முன் லைக் போட்டவர்களிடம் முன்பணம் கேட்டுப் பாருங்கள். பணம் கட்டுகிறவர்தான் வாடிக்கையாளர்.

அப்புறம், இது மரப்பொருள். இந்தியாவுக்குள் தாவரப் பொருள் போக அதில் பூச்சியோ நோயோ இல்லை என்ற சான்றிதழ் (phytosanitary certificate) கேட்பார்கள், அதை விசாரிக்காமல் பணம் வாங்கிவிடாதீர்கள்.