மாஜரினும் அம்மாவின் இரத்தக் குழாய்களும்

ஹட்டனில் இருக்கிற உங்கள் அம்மாவுக்கு மாரடைப்புக்குப் பிறகு சிஆர்பி (உடலில் அழற்சி இருந்தால் இரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்) கூடுதலாம். காலையில் ரொட்டிக்கு மாஜரின், பின்னேரம் பேக்கரி பெட்டிஸ் என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்றால், இருக்கலாம்.

சில மாஜரினிலும் பேக்கரிப் பண்டங்களிலும் ட்ரான்ஸ் கொழுப்பு என்று ஒன்று இருக்கும். அது கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி நல்லதைக் குறைக்கும். அதோடு நிற்காது. இரத்தக் குழாயின் உட்சுவரில் மெல்லிய செல் படலம் ஒன்று இருக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை இளக வைக்கும், வெள்ளையணுக்களை ஒட்டவிடாது. ட்ரான்ஸ் கொழுப்பால் அந்தப் படலம் சீண்டப்பட்டால் அதன்மேல் ஒட்டுப் புரதங்கள் முளைக்கும். வெள்ளையணுக்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டு சுவருக்குள் நுழையும், அழற்சி தொடங்கும். அமெரிக்கத் தாதியரிடம் நடந்த பெரிய ஆய்வில், இந்தக் கொழுப்பை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு சிஆர்பியும் அந்த ஒட்டுப் புரதங்களும் கூடுதலாகவே இருந்தன.

ஆனால் காய்ச்சல், மூட்டுவாதம் இருந்தாலும் சிஆர்பி ஏறும். அதை டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

எல்லா மாஜரினும் மோசமில்லை. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 'பார்ஷியலி ஹைட்ரஜனேட்டட்' என்று இருந்தால் அதில் ட்ரான்ஸ் கொழுப்பு இருக்கும், வாங்கவே வேண்டாம். ட்ரான்ஸ் கொழுப்புக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சம், 2000 கலோரி சாப்பிடுபவருக்கு நாளுக்குச் சுமார் 2.2 கிராம்தான். லேபல் இல்லாத பெட்டிஸில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? முதலில் அதை நிறுத்துங்கள்.

அப்புறம், மாஜரினுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயை அள்ளி ஊற்றவும் வேண்டாம், அதுவும் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும். மாவில் கொஞ்சம் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்தாலே ரொட்டி மெத்தென்று வரும். சம்பலில் உப்பைக் குறையுங்கள்.