தைவானின் முதல் ஆளுநர் லியூ மிங்சுவான்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

சீனாவை ஆண்ட சிங் பேரரசு 1885 அக்டோபரில் தைவான் தீவைத் தனி மாகாணமாக அறிவித்தது. அதுவரை அது ஃபுஜியான் மாகாணத்தின் ஒரு பகுதி. புது மாகாணத்தின் முதல் ஆளுநர் லியூ மிங்சுவான், 1891 வரை பதவியில் இருந்தார். அவரைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அரசுத் தேர்வில் தேறி வந்த அதிகாரியா இவர்?

இல்லை. 1836இல் அன்ஹுயி மாகாணத்தின் ஹெஃபெய் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இளவயதில் கள்ள உப்பு கடத்தியவர். தைப்பிங் கலகம் நாட்டையே உலுக்கிய காலத்தில் லி ஹோங்ஜாங் என்ற உயர் அதிகாரி கலகத்தை அடக்கத் திரட்டிய ஹுவாய் படையில் சேர்ந்து, தளபதியாக உயர்ந்தார். ஏட்டுப் படிப்பை மட்டுமே மதித்த அரசவையில் இப்படிப்பட்டவருக்கு எவ்வளவு மரியாதை கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1880இல் ரயில்பாதைகள் போட வேண்டும் என்று பேரரசருக்கு மனு எழுதினார். படையை வேகமாக நகர்த்த ரயில் வேண்டும் என்பது அவர் வாதம். அரசவை அதை ஏற்கவில்லை.

கேள்வி: பிரெஞ்சுக்காரர்கள் வந்தபோது கீலுங் துறைமுகத்தைக் கைவிட்டு ஓடியவர் என்று ஒரு இடத்தில் படித்தேன். உண்மையா சார்?

கைவிட்டது உண்மை, ஓடினார் என்பது அநியாயம். அது சீன-பிரெஞ்சுப் போர்க்காலம், தீவைக் காக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. 1884 அக்டோபர் தொடக்கத்தில் பிரெஞ்சுப் படை வடக்கே கீலுங்கில் இறங்கியது, அதே சமயம் ஆற்றுமுகத் துறைமுகமான தாம்சுயியையும் தாக்கியது. தாம்சுயி விழுந்தால் ஆற்று வழியாகத் தைபே நகரம் கைக்கு எட்டும் தூரம். ஆகவே கீலுங்கின் நிலக்கரிச் சுரங்கத்தைப் பயன்படாமல் செய்துவிட்டு, முக்கியப் படையைத் தைபே பக்கம் நகர்த்தினார். பிரெஞ்சுக் கப்பல்களுக்கு அந்த நிலக்கரிதான் வேண்டியிருந்தது. அக்டோபர் 8ஆம் தேதி தாம்சுயியில் இறங்கிய பிரெஞ்சு வீரர்களை தளபதி சுன் காய்ஹுவாவின் படை விரட்டி அடித்தது. கீலுங்கில் பிரெஞ்சுக்காரர்கள் 1885 ஜூன் வரை உட்கார்ந்திருந்தும் தைபேக்குள் வர முடியவில்லை. இந்தப் பின்வாங்கலைத் தெற்கில் இருந்த அதிகாரி லியூ ஆவ் கடுமையாகக் குறை சொன்னார். பிறகு லியூ மிங்சுவான் கொடுத்த புகாரில் லியூ ஆவ் சீனாவின் வடகோடிக்குக் கடத்தப்பட்டார். இந்தப் பழிவாங்கல் எனக்குப் பிடித்தமான அத்தியாயம் அல்ல.

கேள்வி: ரயில் போட்டது இவர்தானே? எவ்வளவு தூரம்?

ஆமாம், 1887இல் அனுமதி வாங்கித் தொடங்கினார். 1891இல் கீலுங்–தைபே பாதை முடிந்தது. அவர் போன பிறகு 1893இல் தென்மேற்கே சின்சூ நகரம் வரை நீண்டது. மொத்தம் ஏறக்குறைய 107 கிலோமீட்டர்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1876இல் ஷாங்காய் அருகே வெளிநாட்டு வணிகர்கள் போட்ட வூசுங் ரயில்பாதையைச் சீன அரசு விலைக்கு வாங்கி, 1877இல் பெயர்த்தெடுத்தது. அந்தத் தண்டவாளங்கள் தைவானுக்குத்தான் கப்பலில் வந்தன. பாதை போடப் பணமில்லாமல் துருப்பிடித்துக் கிடந்தன. பத்தாண்டு கழித்து அதே தீவில் மறுபடி தொடங்கியவர் இவர்.

வேலை செய்தவர்கள் பெரும்பாலும் படைவீரர்கள். கீலுங் அருகே ஷிச்சியுலிங் மலையில் 235 மீட்டர் சுரங்கப்பாதையை இரு பக்கமிருந்தும் குடைந்தார்கள். மண்சரிவு, காய்ச்சல் எல்லாம் சேர்ந்து 1890 வரை இழுத்தது.

கேள்வி: இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது?

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஃபுஜியான் மாகாணம் சில ஆண்டுகள் உதவித்தொகை கொடுத்தது. ஆனால் நிரந்தர வருமானத்துக்கு அவர் நிலத்தையே நம்பினார்.

தைவானில் ஒரே வயலுக்கு இரண்டு உடைமையாளர்கள் இருந்தார்கள். அரசிடம் உரிமம் வாங்கிய பெரிய குத்தகைக்காரர் மேலே, நிலத்தை நடைமுறையில் கையில் வைத்திருந்த சிறிய குத்தகைக்காரர் நடுவில், உழுதவர் கீழே. வரி கட்டும் பொறுப்பு பெரியவருக்கு, நிலமோ அவர் கட்டுப்பாட்டில் இல்லை. திருத்தப்பட்ட வயல்களில் பெரும்பகுதி அரசுக் கணக்கிலேயே ஏறவில்லை. 1886இல் லியூ தீவு முழுக்க நிலத்தை அளக்க உத்தரவிட்டார். இனிச் சிறிய குத்தகைக்காரரே வரி கட்ட வேண்டும். அதற்கு ஈடாக, அவர் பெரியவருக்குக் கொடுக்கும் குத்தகையில் பத்தில் நான்கு பங்கைக் கழித்துக்கொள்ளலாம். பெரிய குத்தகையை அடியோடு ஒழிக்க முதலில் நினைத்தார். எதிர்ப்பு வலுத்ததால் இந்தச் சமரசத்துக்கு வந்தார். நிலவரி வருமானம் ஆண்டுக்குச் சுமார் 1,80,000 டேல் (அன்றைய சீன எடை அளவு) வெள்ளியிலிருந்து 6,70,000 டேல் அளவுக்கு உயர்ந்தது.

ரயிலைவிட இதுதான் அவர் செய்த பெரிய காரியம் என்பேன். சீனாவின் மற்ற மாகாணங்களில் கைவைக்கவே தயங்கிய விஷயம் இது. ஆனால் விலை கொடுத்தார்கள், அதுவும் எளிய மக்கள். சாங்ஹுவா நகரப் பகுதியில் நில அளவை கெடுபிடியாக நடந்தது. 1888இல் ஷி ஜியுதுவான் தலைமையில் மக்கள் நகரை முற்றுகையிட்டு, புது நிலப் பத்திரங்களை எரிக்கச் சொன்னார்கள். படை வந்துதான் அடங்கியது.

கேள்வி: அங்கிருந்த பழங்குடிகளுக்கு என்ன செய்தார்? நல்லது செய்ததாக எழுதுகிறார்களே.

தைபேயில் பழங்குடிப் பிள்ளைகளுக்கு 1890இல் ஒரு பள்ளி திறந்தார். அதைச் சொல்கிறவர்கள் மற்றதையும் சொல்ல வேண்டும். மலைப்பகுதிகளை வசப்படுத்த ஓர் அலுவலகம் அமைத்து, செல்வந்தர் லின் வெய்யுவானைத் துணைக்கு வைத்துக்கொண்டார். இணங்காத கிராமங்கள்மேல் ஆண்டுக்கணக்கில் படை அனுப்பினார். அதில் வடக்கு மலைகளில் வாழ்ந்த அட்டாயல் பழங்குடி மக்கள் பட்ட அடி பெரிது. காரணம் மலைக்காட்டிலிருந்த கற்பூர மரம். கற்பூரம் சேர்த்துச் செய்யும் செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக்கின் தயாரிப்பால் உலகச் சந்தையில் கற்பூரத்தின் விலை ஏறிக்கொண்டிருந்தது. மாகாணக் கஜானாவுக்கு அந்தக் காசு வேண்டியிருந்தது. அந்த மக்கள் தங்கள் காட்டைக் காத்தார்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம்.

கேள்வி: தபால், தந்தி, மின்விளக்கு பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஃபுஜியானின் தலைநகர் ஃபுஜோ பக்கமிருந்து தாம்சுயிக்குக் கடலடித் தந்திக் கம்பி. 1888இல் சொந்தத் தபால் நிர்வாகம், சொந்தத் தபால்தலை. பேரரசின் தேசியத் தபால் துறை வந்ததே 1896இல்தான். தைபே தெருக்களில் மின்விளக்கு எரிந்தது, செலவு தாங்காமல் கொஞ்ச காலத்தில் அணைந்தது.

கேள்வி: அப்புறம் ஏன் 1891இல் விலகினார்?

உடல்நலம் கெட்டிருந்தது, கண்பார்வையும் மங்கிவிட்டது. அது மட்டுமல்ல. கீலுங் நிலக்கரிச் சுரங்கத்தில் வெளிநாட்டு வணிகர்களைச் சேர்க்கப் போய் பெய்ஜிங்கின் கோபத்துக்கு ஆளானார். அவரை ஆதரித்த, பேரரசரின் தந்தையான சுன் இளவரசரும் 1891 தொடக்கத்தில் இறந்துபோனார். அடுத்து வந்த ஷாவ் யூலியன் பல திட்டங்களை நிறுத்தினார். ரயில் சின்சூவோடு நின்றதும் அப்போதுதான்.

கேள்வி: தைவானை நவீனமாக்கியவர்கள் ஜப்பானியர்கள் என்றுதானே பொதுவாகச் சொல்வார்கள்?

அளவில் பார்த்தால் ஜப்பானியர் செய்தது பெரிது. 1895இல், சீனா ஜப்பானிடம் போரில் தோற்ற பின் கையெழுத்தான ஷிமோனோசெகி உடன்படிக்கைப்படி தீவு அவர்கள் கைக்குப் போனது. லியூ போட்ட பாதையில் வளைவும் ஏற்றமும் அதிகம் என்று பெருமளவு மாற்றிப் போட்டு, 1908இல் தெற்கே காவ்சியுங் வரை கொண்டுபோனார்கள். லியூ பாதியில் விட்ட பெரிய குத்தகை ஒழிப்பையும் புதிய நில அளவைக்குப் பிறகு ஈட்டுத்தொகை கொடுத்து முடித்தார்கள். எதை எடுத்து முடித்தார்கள் என்று பாருங்கள்: அவர் தொட்ட அதே வேலைகளைத்தான். ஆறே ஆண்டு, பாதி மனதோடு இருந்த தலைநகரம், கையில் கொஞ்சம் வெள்ளி. இந்த நிலையில் அவர் செய்ததை வெறும் முன்னுரை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தீவு கைமாறிய செய்தியைக் கேட்ட சில மாதங்களில், 1896 ஜனவரியில், சொந்த ஊரில் இறந்தார்.

கேள்வி: அடுத்த மாதம் தைபே போகிறேன். அவர் காலத்தது ஏதாவது பார்க்க முடியுமா?

முடியும். தைபேயின் 228 அமைதிப் பூங்காவில் "தெங்யுன்" என்ற ரயில் எஞ்சின் இருக்கிறது. ஜெர்மனியின் ஹோஹென்சொல்லர்ன் நிறுவனம் 1887இல் செய்தது, அவர் வாங்கிய முதல் எஞ்சின். நேரமிருந்தால் கீலுங் போய் ஷிச்சியுலிங் சுரங்கப்பாதை வாசலையும் பாருங்கள், அவர் எழுதிக் கொடுத்த எழுத்துகள் மேலே பொறிக்கப்பட்டிருக்கும். உள்ளே விடுவார்களா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.