தாளை மடித்துப் பாருங்கள்

கேள்வி: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள், "இந்தக் கணக்கெல்லாம் எதுக்கும்மா?" என்கிறாள். என்ன பதில் சொல்வது?

பதில்: பதிலே சொல்லாதீர்கள் அம்மா. ஓர் ஏ4 தாளைக் கையில் கொடுங்கள். நீளம் 297 மில்லிமீட்டர், அகலம் 210. நீளத்தை அகலத்தால் வகுக்கட்டும்: ஏறக்குறைய 1.414 வரும். இப்போது நீளப் பக்கம் பாதியாகும்படி மடித்து, மறுபடி அளந்து வகுக்கட்டும். கிட்டத்தட்ட அதே எண்! இன்னொரு மடிப்பு, அப்போதும் அதே. தாள் சிறுத்தாலும் அதன் வடிவம் மாறுவதில்லை. அடுத்து ஒரு சதுரத் தாளை மடிக்கச் சொல்லுங்கள். முதல் மடிப்பிலேயே வடிவம் மாறிவிடும்.

"அது மட்டும் ஏன் அப்படி?" என்று அவளே கேட்பாள். என் மாணவி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, இடைவேளை முழுவதும் அளவுகோலோடு உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் தயவுசெய்து விடையைச் சொல்லிவிடாதீர்கள். 1.414-ஐ அதே எண்ணால் பெருக்கிப் பார்க்கச் சொன்னால் போதும். 2-ஐ ஒட்டி வரும். வர்க்கமூலம் அவள் மேசைக்கே வந்துவிட்டது.

ஏ4 தாளைப் போல் இரு மடங்கு பரப்புள்ள ஏ3 பக்கத்தை ஏ4 ஆகச் சுருக்க, நகல் எந்திரத்தில் ஏறத்தாழ 71 சதவீதம் என வைக்கிறோமே, 50 ஏன் இல்லை? இதை அடுத்த வாரம் கேளுங்கள்.